குழந்தையின் கிட்னிக் கட்டிக்கு மரபணுக் காரணம் தேடுவது எப்படி: ஒரு தையல்காரியின் நோட்டிலிருந்து

நான் தையல் வேலை செய்பவள். மகளுக்கு இரண்டு வயது பத்து மாதம் ஆனபோது, ஒரு கவுனுக்கு அளவெடுக்க டேப்பைச் சுற்றினேன். அளவு நோட்டில் முந்தின முறை இடுப்பு 19 என்று எழுதியிருந்தேன். இப்போது 21. டேப் சரிந்திருக்கும் என்று மறுபடி சுற்றினேன். இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அவளுக்கு வலியே இல்லை, கூச்சத்தில் சிரித்தாள். நான்கு நாளில் ‘வில்ம்ஸ் கட்டி’ என்ற பெயரைக் கேட்டோம்.

இந்தக் கட்டியை விரிவாக எழுதி வைத்தவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் மேக்ஸ் வில்ம்ஸ், 1899-இல். குழந்தைகளுக்கு வரும் கிட்னிப் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. சிகிச்சைக்கு நன்றாக மசியும் கட்டி இது. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

சிகிச்சையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ‘ஏன் வந்தது?’ என்ற கேள்வியை எப்படி ஒழுங்காகக் கேட்பது, எந்த டெஸ்ட், எந்தத் திசுவில், ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். இதைத் தப்பாகக் கேட்டு நாங்கள் ஒன்பது மாதம் வீணாக்கினோம்.

அதற்கு முன் ஒன்று. வயிற்றில் கட்டி என்று தெரிந்துவிட்டால் யாரும் அதை அழுத்திப் பார்க்கக் கூடாது. உடைந்தால் வயிற்றுக்குள் பரவும், சிகிச்சையும் கடுமையாகும். என் வீட்டில் ‘எங்கே காட்டு’ என்று மூன்று பேர் அழுத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

‘ஜெனட்டிக்’ என்றால் எது என்று கேளுங்கள்

டாக்டர் ‘இது ஜெனட்டிக் மாற்றத்தால் வருவது’ என்றார். மாமியார் உடனே, “எங்க பக்கத்துல யாருக்கும் இல்லையே, உங்க பக்கத்துல?” என்றார். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். பொருள் வேறு.

எல்லாப் புற்றுநோயும் மரபணு கெட்டுத்தான் வருகிறது. அந்தக் கேடு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கட்டியின் செல்களில் மட்டும் இருந்தால் கட்டியோடு வந்தது, கட்டியோடு போய்விடும். அப்பா அம்மாவுக்கோ தம்பி தங்கைக்கோ அதில் சம்பந்தம் இல்லை. உடம்பின் எல்லாச் செல்லிலும் இருந்தால் அது பிறவியிலேயே வந்தது. இன்னொரு கிட்னி, கூடப் பிறந்தவர்கள், நாளைக்குக் குழந்தையின் குழந்தைகள் எல்லாரையும் பற்றிப் பேச வேண்டி வரும். பிறவியிலேயே வந்தது என்பதற்கும் பரம்பரையாக வந்தது என்பதற்கும் கூட வித்தியாசம் உண்டு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாக ஏற்படுவது சகஜம். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு வில்ம்ஸ் கட்டி இருந்த குழந்தைகள் 100-இல் ஒன்றிரண்டு பேர்தான்.

பிறவி மாற்றம் உள்ளவர்கள் பத்தில் ஒருவர் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். டெஸ்ட்டை அகலமாகச் செய்யச் செய்ய அந்தக் கணக்கு கூடிக்கொண்டே வருகிறது.

ஏன் சில குழந்தைகளுக்குச் சீக்கிரமும் இரண்டு பக்கமும் வருகிறது என்பதை மரபணு ஆராய்ச்சியாளர் ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் கண் புற்றுநோய்க்கு விளக்கினார். அடுத்த வருடம் லூயிஸ் ஸ்ட்ராங்கோடு சேர்ந்து அதே கணக்கை வில்ம்ஸுக்கும் போட்டார். எனக்கு அது இரட்டைத் தையலாகத்தான் புரிந்தது. ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு தையல் விட்டாலும் இன்னொன்று துணியைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணமாக ஒரே செல்லில் இரண்டு தையலும் விட வேண்டும், அது அபூர்வம். சில குழந்தைகள் எல்லாச் செல்லிலும் ஒற்றைத் தையலோடு பிறக்கிறார்கள். எங்காவது ஓரிடத்தில் மற்றது விட்டால் போதும். 100-இல் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இரண்டு கிட்னியிலும் கட்டி வருகிறது. அந்த வீடுகளில் மரபணு டெஸ்ட்டைத் தள்ளிப் போடவே கூடாது.

ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்

சில இடங்களில் முதலில் ஆபரேஷன், சில இடங்களில் முதலில் கீமோ. எதுவானாலும் கிட்னியை எடுக்கும் நாளில் கட்டியோடு கட்டி இல்லாத கிட்னித் துண்டும் வெளியே வரும். கட்டியில் கொஞ்சம், நல்ல கிட்னியில் கொஞ்சம் தனித்தனியாக எடுத்து வைக்க முடியுமா, உறைநிலையில் வைக்க வசதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். வசதி இல்லாவிட்டாலும் மெழுகில் பதித்த பிளாக் இருக்கும். அந்த பிளாக் நம்பரை எழுதி வாங்குங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. பிளாக் பத்திரமாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ரத்த டெஸ்ட்டுக்கு முன் குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும், தேதியோடு, சொல்லிவிடுங்கள்.

எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதும் பேதாலஜி ரிப்போர்ட் வந்ததும் கட்டி எந்த ஸ்டேஜ் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். ‘நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கிட்னி உருவாகி முடிந்துவிட வேண்டும். முடியாமல் கருச் செல்களாகவே தங்கிவிட்ட திட்டுகளுக்கு அந்தப் பெயர். பேபி ஓவர்லாக் அடித்த பிறகும் தொங்கும் நூல் மாதிரி. கிட்னி மடலின் உள்ளே இருந்தால் ‘இன்ட்ராலோபார்’, அது டபிள்யூடி1 என்ற ஜீன் பக்கம் கை காட்டுகிறது. மடலின் ஓரத்தில் இருந்தால் ‘பெரிலோபார்’, அது 11-ஆம் குரோமோசோமில் 11பி15 என்ற இடத்தின் பக்கம். உறுதி கிடையாது, துப்பு மட்டும். எங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘பெரிலோபார்’ என்று தெளிவாக அச்சடித்திருந்தது. ஒன்பது மாதம் அது ஃபைலிலேயே கிடந்தது.

குழந்தையை உச்சி முதல் பாதம் வரை பாருங்கள்

மரபணு ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசினார். டெஸ்ட்டைப் பற்றிக் கடைசிப் பத்து நிமிடம்தான். மீதி முழுக்கக் கேள்விகள். அவற்றை நீங்கள் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போகலாம்.

கண்ணின் கருவிழிப்படலம் (ஐரிஸ், பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம்) இல்லாமலோ குறைவாகவோ பிறந்ததா? 1964-இல் மில்லர் குழுவினர் 440 வில்ம்ஸ் குழந்தைகளின் குறிப்புகளைப் புரட்டியபோது ஆறு பேருக்கு அப்படி இருந்தது. தற்செயலாக அமைய முடியாத அளவு அதிகம். 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், 11பி13 என்ற இடத்தில், கண்ணுக்கான பேக்ஸ்6-உம் கிட்னிக்கான டபிள்யூடி1-உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு துண்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். அந்தக் கூட்டுக்கு ‘வேகர்’ என்று பெயர். அதில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு வில்ம்ஸ் வருகிறது. பேக்ஸ்6 மட்டும் கெட்டு டபிள்யூடி1 முழுதாக இருந்தால் இந்தப் பயம் கிடையாது. அதனால்தான் கண் பிரச்சினையோடு பிறக்கும் குழந்தைக்கு உடனே மரபணு டெஸ்ட் சொல்கிறார்கள்.

பையனுக்கு விதை இறங்காமல் இருந்ததா, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி இருந்ததா? சின்ன வயதிலேயே சிறுநீரில் புரதம், முகம் கால் வீக்கம், கிட்னி செயலிழப்பு? இவை டபிள்யூடி1 பக்கத்துக் கேள்விகள். 1990-இல் கண்டுபிடித்த இந்த ஜீன் கிட்னிக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் சேர்த்து வேலை செய்கிறது.

பிறந்தபோது எடை ரொம்ப அதிகமா? நாக்கு பெரிதா? தொப்புள் வழியே குடல் பிதுங்கியிருந்ததா? காது மடலில் கோடு அல்லது குழி? பிறந்த உடனே ரத்தத்தில் சர்க்கரை குறைந்ததா? ஒரு கை, ஒரு கால் மற்றதைவிடப் பெரிதா? இவை பெக்வித்-வீடமன் பக்கத்துக் கேள்விகள். 11பி15 கெட்டு, உடம்போ அதில் ஒரு பகுதியோ அளவுக்கு மீறி வளரும் பிறவி நிலைக்கு அந்தப் பெயர்.

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் நோட்டு நினைவுக்கு வந்தது. இரண்டு வயதிலிருந்தே அவளுடைய பேன்ட்டின் வலது கால் தூக்கிக்கொண்டு நிற்கும். வெட்டும்போது நான்தான் கோணலாக வெட்டிவிட்டேன் என்று ஹெம்மைப் பிரித்து அரை அங்குலம் இறக்குவேன். ஒரு கட்டத்தில் நோட்டில் உட்கால் அளவையே தனித்தனியாக எழுத ஆரம்பித்திருந்தேன்: வ 13½, இ 13. கட்டி இடது கிட்னியில், நீளமான கால் வலது. பெருத்த பக்கத்திலேயே கட்டியும் வர வேண்டும் என்றில்லையாம். ஆலோசகர் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டார்.

உங்களிடம் டேப் இல்லாவிட்டால் பழைய போட்டோக்களை எடுத்துப் போங்கள். குழந்தை நேராக நிற்கும் படம், நாக்கை நீட்டும் படம், பிறந்த வாரத்துப் படம். குடும்ப மரமும் வரைய வேண்டும், மூன்று தலைமுறைக்கு. ‘புற்றுநோய் உண்டா’ என்று மட்டும் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ‘சின்ன வயசுல யாருக்காவது ஒரு கிட்னி எடுத்தாங்களா’ என்று கேளுங்கள், பதில் வரும்.

எந்தக் கோளாறுக்கு எந்த டெஸ்ட்

மற்றதை வேகமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் முதல் ரிப்போர்ட் ரத்தத்தில் செய்த ஜீன் பேனல், அதாவது பல ஜீன்களை ஒரே தடவையில் வாசிக்கும் டெஸ்ட். ‘நோய் உண்டாக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை’ என்று வந்தது. ‘ஜெனட்டிக் ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் பொய் இல்லை. அது தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஜீனை ஒரு பேட்டர்ன் தாளாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. தாள் மூன்று விதமாகக் கெடலாம்.

முதலாவது, எழுத்துப் பிழை. எட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் எண்பது. இதைப் பிடிப்பது சீக்வென்சிங். எழுத்தெழுத்தாக வாசிக்கும் டெஸ்ட். டபிள்யூடி1 புரதத்தில் 394-ஆம் இடத்து ஆர்ஜினைன் டிரிப்டோஃபானாக மாறுவது இதற்குப் பேர்போன உதாரணம். கிட்னியும் இனப்பெருக்க உறுப்புகளும் சேர்ந்து பாதிக்கப்படும் டெனிஸ்-டிராஷ் என்ற நிலையில் அடிக்கடி பார்க்கும் பிழை அதுதான். (புது ரிப்போர்ட்களில் இதே பிழைக்கு 394-ஐவிடப் பெரிய எண் போட்டிருக்கும். எண்ணத் தொடங்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். வேறு பிழை என்று பயப்பட வேண்டாம்.) டிரிம்28, ரெஸ்ட் மாதிரியான ஜீன்களையும் பேனலில் வாசிப்பார்கள். குடும்பத்தில் இரண்டு பேருக்கு வில்ம்ஸ் என்றால் இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, தாளில் ஒரு துண்டே கிழிந்து போவது. எழுத்து வாசிக்கும் டெஸ்ட் இதைத் தவறவிடலாம். இன்னொரு தாள் முழுதாக இருக்கிறது அல்லவா, அதை வாசித்துவிட்டு எல்லாம் சரி என்றுவிடும். எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும். குரோமோசோம் மைக்ரோஅரே, எம்எல்பிஏ என்பவை அவை. வேகர் பிடிபடுவது இப்படித்தான்.

மூன்றாவதுதான் எங்கள் கதை. பேட்டர்ன் தாளில் ‘இதைப் பார்த்து வெட்டு’ என்று மார்க்கிங் சாக்கில் ஒரு குறி போட்டிருப்போம் இல்லையா? 11பி15 என்ற இடத்தில் அப்படி ஒரு ரசாயனக் குறி இருக்கிறது, மெத்திலேஷன் என்று பெயர். அங்கே ஐஜிஎஃப்2 என்று வளர்ச்சியைத் தூண்டும் ஜீன் ஒன்று உண்டு. அப்பா தந்த தாளில் குறி இருக்கும், அதைப் பார்த்து உடம்பு ஐஜிஎஃப்2-ஐத் தயாரிக்கும். அம்மா தந்த தாளில் குறி இருக்காது, அங்கே அது மூடியே கிடக்கும். அதற்குப் பதில் வளர்ச்சியை அடக்கும் வேலையை அம்மா தாள் பார்க்கும். இந்தக் குறி அம்மா தாளிலும் தப்பாக விழுந்துவிட்டால் தூண்டுதல் இரட்டிப்பாகும். சில குழந்தைகளுக்கு அம்மா தாளே போய், அப்பா தாளே இரண்டு பிரதியாக அமைந்துவிடும். அப்போது தூண்டுவது இரண்டு, அடக்க ஆளில்லை. இரண்டிலும் பெரும்பாலும் எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. எழுத்தை வாசிக்கும் டெஸ்ட்டுக்குச் சாக் குறி எப்படித் தெரியும்? அதற்கு 11பி15 மெத்திலேஷன் டெஸ்ட் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல். அப்பா தாள் இரட்டிப்பாவது கரு சில செல்களாக இருக்கும்போது நடக்கிறது. அதனால் சில செல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மொசைக் என்பார்கள். தானில் ஒரு பக்கம் மட்டும் சாயம் பிடிக்காத துணி மாதிரி. நல்ல பக்கத்தில் சாம்பிள் வெட்டினால் குறை தெரியாது. என் மகளுக்கு ரத்தத்தில் மெத்திலேஷன் டெஸ்ட்டும் சுத்தமாகத்தான் வந்தது. ஆபரேஷனில் எடுத்த நல்ல கிட்னித் துண்டில் செய்தபோதுதான் பிடிபட்டது. அந்த மெழுகு பிளாக்.

ஆகவே ‘ஒன்றும் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் திசுவில் பார்த்தீர்கள்? துண்டு இழப்பையும் இந்த டெஸ்ட் பார்க்குமா? மெத்திலேஷன் பார்த்தீர்களா? கால் பெருத்தல் மாதிரி துப்பு இருந்தும் ரத்தம் சுத்தம் என்றால், தோல், எச்சில், கிட்னி என்று வேறு திசுவில் பார்க்கலாமா என்பது நாலாவது.

ரிப்போர்ட்டின் மொழி

முதலில் மேல் மூலையில் மாதிரி என்ன என்று பாருங்கள், ரத்தமா கட்டியா? கட்டி ரிப்போர்ட்டில் ‘1க்யூ கெயின்’, ‘1பி, 16க்யூ இழப்பு’, ‘சிடிஎன்என்பி1’ என்றெல்லாம் வரும். அவை கட்டிக்குள் நடந்தவை. 1க்யூ மாதிரி சிலவற்றைப் பார்த்து சிகிச்சையின் வேகத்தை முடிவு செய்வார்கள், வம்சத்துக்கு அதில் சேதி இல்லை. கட்டியில் டபிள்யூடி1 அல்லது டிரிம்28 என்று வந்தால் மட்டும் விடாதீர்கள், ரத்தத்திலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தரம். ‘நோய் உண்டாக்கும்’, ‘அநேகமாக நோய் உண்டாக்கும்’, ‘பொருள் தெரியாத மாற்றம்’, ‘அநேகமாகத் தீங்கற்றது’, ‘தீங்கற்றது’ என்று ஐந்து படி. நடுப்படிதான் தூக்கத்தைக் கெடுக்கும். அதை ‘இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை வைத்து மற்றக் குழந்தைகளுக்கு டெஸ்ட் எடுத்து அலைய வேண்டாம். ஓரிரு வருடம் கழித்து அதே லேபில் மறு ஆய்வு கேளுங்கள், பல மாற்றங்கள் படி இறங்கிவிடும்.

தெரிந்த பிறகு

பிறவி மாற்றம் உறுதியானால் ஸ்கேன் அட்டவணை வரும். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட், ஏழாவது பிறந்தநாள் வரை. ஆறு மாதம் விட்டுப் பார்த்தால் என்ன என்று நானும் கேட்டேன். இந்தக் கட்டி அவ்வளவு வேகமாக வளரும், என் டேப்பே சாட்சி.

பெக்வித்-வீடமன் எல்லாமே ஒரே அபாயம் அல்ல. அம்மா தாளில் குறி தப்பாக விழுந்த வகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வில்ம்ஸ் வருகிறது. அப்பா தாள் இரட்டித்த வகையில் 100-இல் எட்டுப் பேருக்கு. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு குறி அழிந்துபோன வகைதான் எண்ணிக்கையில் அதிகம், அதில் வில்ம்ஸ் மிக அபூர்வம். ‘பெக்வித்’ என்றவுடன் எந்த வகை என்று கேளுங்கள். டபிள்யூடி1 என்றால் ஸ்கேனோடு சிறுநீர்ப் புரதமும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், அது ஏழு வயதோடு முடியாது. இன்னொரு கட்டி வந்தால் முழுக் கிட்னியையும் எடுக்காமல் முடிந்தவரை மிச்சம் பிடிக்கலாமா என்று அறுவை மருத்துவர் யோசிப்பதற்கும் இந்த ரிப்போர்ட் வேண்டும்.

தம்பிக்குப் பார்க்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. டபிள்யூடி1 என்றால் முதலில் பெற்றோர் இருவருக்கும் டெஸ்ட். ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் மகளுடையது கருவான பிறகு நடந்தது, யாரிடமிருந்தும் வரவில்லை. தம்பிக்கு ஸ்கேன் வேண்டாம் என்றார்கள். எட்டாம் மாதம் வரை மெஷின் மிதித்தேன், அதனாலா என்று ஆலோசகரிடம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இல்லம்மா” என்றார். மாமியாரையும் அடுத்த முறை கூட்டிப் போனேன், அதை ஆலோசகர் வாயாலேயே கேட்கட்டும் என்று.

கடைசியாக ஃபைல். ஆபரேஷன் குறிப்பு, பேதாலஜி ரிப்போர்ட், பிளாக் நம்பர், கீமோ மருந்துகளின் மொத்த அளவு, எல்லா மரபணு ரிப்போர்ட்டும், ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தவையும் சேர்த்து. பதினெட்டு வயதில் இது அவள் கைக்குப் போக வேண்டும். அளவு நோட்டின் அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். வ 13½, இ 13. அதன் கீழே பென்சிலில், ‘அடுத்த முறை கவனமாக வெட்டணும்’ என்று என் கையெழுத்து.